பேரிங்குக்குள் இருக்கும் ஒரு கிராம்

கேள்வி:

ஆம்பூருக்குப் பக்கத்து ஊர் எனக்கு. ஷூ கம்பெனியில் பதினேழு வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டு, இப்போது வீட்டை ஒட்டிய ஷெட்டில் பதினான்கு மிஷின் போட்டு அப்பர் தைத்துக் கொடுக்கும் ஜாப் வொர்க் செய்கிறேன். எல்லாம் கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய மிஷின்கள். ஒன்பதில் கிளச் மோட்டார், ஐந்தில் சர்வோ மோட்டார். மோட்டாரின் ஷாஃப்ட் பக்கம் எண்ணெய் கசிகிறது. பெல்ட் அதை இழுத்துத் தெறிக்கிறது. வெள்ளைத் தோலில் ஒரு புள்ளி பட்டாலும் அந்த ஜோடி போயிற்று. போன மாதம் ஒரு லாட்டில் 32 ஜோடி திரும்பி வந்தது.

பேரிங்கும் ஆறு மாதம் தாங்குவதில்லை, கத்த ஆரம்பித்துவிடுகிறது. ஒரு மெக்கானிக், மூடியைக் கிளப்பி கிரீஸை நிறைய அடைக்கச் சொல்கிறார். இன்னொருவர், மோட்டார் மூடியில் மேலாக ஒரு ஓட்டை போட்டு வாரம் ஒரு முறை எண்ணெய் விடச் சொல்கிறார். மூன்றாமவர் ரப்பர் மூடி போட்ட பேரிங் போடலாம், ஆனால் மோட்டார் சூடாகும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? என் தம்பி ஒரு டேனரியில் வேலை செய்கிறான். அங்கே சுண்ணாம்பு யார்டில் ஓடும் சின்ன எக்ஸாஸ்ட் ஃபேனின் புஷ் மூன்றே மாதத்தில் கறுத்து இறுகிப்போகிறதாம். அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில்:

அம்மா, பேரிங்கைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கசிவது எந்த எண்ணெய் என்று பாருங்கள். மோட்டாரின் முன்மூடியையும் ஷாஃப்டைச் சுற்றிய இடத்தையும் துணியால் சுத்தமாகத் துடைத்து, பள்ளிக்கூட சாக்பீஸைப் பொடித்துத் தூவிவிடுங்கள். மிஷினின் அடிப்பக்கத்திலும், பெல்ட் இறங்கும் மேசைத் துளையின் ஓரத்திலும் தூவுங்கள். அரை நாள் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் ஈரம் எங்கிருந்து தொடங்குகிறது என்று சாக்பொடியே கோடு போட்டுக் காட்டும். தண்ணீர் மாதிரி தெளிவாகவும் மெல்லியதாகவும் இருந்தால் அது நீங்கள் மிஷின் தலையில் விடும் வெள்ளை எண்ணெய். பழுப்பாக, விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் அது பேரிங்கின் கிரீஸிலிருந்து பிரிந்த எண்ணெய்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் பார்த்த தையல் ஷெட்டுகளில் "மோட்டார் கசிகிறது" என்று கூப்பிட்ட பல இடங்களில் மோட்டார் கசியவே இல்லை. தலையில் விட்ட எண்ணெய் மேசைத் துளை வழியாக பெல்ட்டில் இறங்கி, பெல்ட் வழியாக மோட்டார் கப்பிக்கு வந்து, அங்கிருந்து ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டு பேரிங்குக்குள் போயிருந்தது. போன எண்ணெய் உள்ளே இருந்த கிரீஸையும் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும். பேரிங் காய்ந்து கத்துவதும் அதனால்தான். உங்களுக்குக் கசிவும் சத்தமும் சேர்ந்து வருவதைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் இதுதான். அப்படியிருந்தால் தலைக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டைச் சரிசெய்து, விடும் எண்ணெயைக் குறைத்தாலே பாதிக் கசிவு நிற்கும்.

மீதிப் பாதிக்கு வருவோம். கிளச் மோட்டாரில் பெரும்பாலும் 6200 வரிசை பால் பேரிங்தான் இருக்கும். எண் பேரிங்கின் ஓரத்திலேயே பொறித்திருக்கும். 6202 என்று இருந்தால் உள்துளை 15 மில்லிமீட்டர், வெளிவட்டம் 35, அகலம் 11. இந்தப் பேரிங்குக்குள் கம்பெனியில் வைக்கும் கிரீஸ் எவ்வளவு தெரியுமா? சுமார் ஒரு கிராம். இரண்டு வேர்க்கடலைப் பருப்பின் எடை. உள்ளே இருக்கும் காலி இடத்தில் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் நிரப்புவார்கள். மீதியை வேண்டுமென்றே காலியாக விடுகிறார்கள்.

கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் அல்ல. அது எண்ணெயைக் குடித்த பஞ்சு. லித்தியம் சோப்பு போன்ற ஒரு பொருள் நார் நாராக வலை பின்னியிருக்க, அந்த வலைக்குள் எண்ணெய் தங்கியிருக்கிறது. எடையில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு எண்ணெய்தான். மோட்டார் ஓடத் தொடங்கியதும் குண்டுகள் கிரீஸை ஓரத்துக்கு ஒதுக்கிவிடும். ஒதுங்கிய கிரீஸ் அங்கே இருந்தபடியே துளித்துளியாக எண்ணெயை விட்டுக்கொடுக்கும். குண்டுக்கும் ஓடுபாதைக்கும் நடுவே அந்த மெல்லிய படலம் இருக்கும்வரை இரும்பு இரும்பைத் தொடாது.

இப்போது முதல் மெக்கானிக் சொன்னபடி நிறைய அடைத்தால் என்ன ஆகும்? ஒதுங்க இடமில்லாத கிரீஸ் குண்டுகளுக்கு நடுவே மாவு மாதிரி பிசைபடும். பிசையப் பிசையச் சூடு ஏறும். சூட்டில் வலை தளர்ந்து எண்ணெய் பிரிந்து, உள்ளே ஏறிய அழுத்தத்தில் மூடியின் ஓரமாக வெளியே வரும். கசிவைத் தடுக்க அடைத்த கிரீஸே கசிவை உண்டாக்கும். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதேபோல் இருபதுக்கும் மேற்பட்ட மோட்டார்களின் பேரிங் மூடியைக் கிளப்பி நிரப்பினேன். இரண்டு நாள் சத்தமே இல்லை. அந்த வாரக் கடைசியில் ஒவ்வொரு மோட்டாரின் கீழும் ஒரு பழுப்பு வட்டம். இரண்டு மோட்டாரில் கிரீஸ் கிளச்சின் கார்க் தகட்டுக்குப் போய், பெடலை மிதித்தாலும் மிஷின் ஓடாமல் வழுக்கியது. கார்க்கில் ஏறிய எண்ணெயை எடுக்கவே முடியவில்லை. தகட்டை மாற்ற வேண்டியதாயிற்று.

சூட்டைப் பற்றி ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 70 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரி ஏறும்போதும் கிரீஸின் ஆயுள் பாதியாகக் குறையும். 85 டிகிரியில் பாதி, 100 டிகிரியில் கால். அக்கினி நட்சத்திரத்தில் நம் பக்கம் வெளியிலேயே 42 டிகிரி வந்துவிடுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷெட்டில், மேசைக்கு அடியில், தோல் தூசி போர்த்திய மோட்டாரில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தத் தோல் தூசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊர் மோட்டாருக்கும் கோயம்புத்தூர் மோட்டாருக்கும் வித்தியாசமே அதுதான். ஸ்கைவிங் மிஷினில் சீவும்போதும் பஃபிங் செய்யும்போதும் வருவது மண் தூசி மாதிரி இல்லை. அது பஞ்சு நார். ஷாஃப்டைச் சுற்றி அது மோதிரம் மாதிரி படிந்துவிட்டால் விளக்குத் திரி என்ன செய்கிறதோ அதையே செய்யும். உள்ளே இருக்கும் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு, வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். மோட்டார் நின்ற பிறகும், ராத்திரியெல்லாம் இழுக்கும். நீங்கள் காலையில் வந்து பார்க்கும் ஈரமான கறுப்பு வளையம் அதுதான். எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் அதன் உதட்டில் ஒரு திரியை வைத்துவிட்டால் எண்ணெய் நிற்காது. ஆகவே வாரம் ஒரு முறை ஓரிரு நிமிடம், மோட்டாரை நிறுத்திவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஷாஃப்ட் ஓரத்தைத் துடையுங்கள். கம்ப்ரஸர் காற்றை நேராக அங்கே அடிக்காதீர்கள். அது தூசியை உள்ளேதான் தள்ளும்.

இரண்டாவது யோசனை, மேலே ஓட்டை. இதைக் கேட்டதும் எனக்கு 1883-இல் லண்டனில் நடந்தது நினைவுக்கு வந்தது. பொசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். அச்சு கீழே எண்ணெயில் நனைந்து சுழல, மேலே பித்தளை அமர்ந்திருந்தது. எண்ணெய் விட வசதியாக இருக்குமென்று பித்தளையின் உச்சியில் ஒரு துளை போட்டார். ஓட்டியதும் துளை வழியாக எண்ணெய் பொங்கி வெளியே வந்தது. தக்கையால் அடைத்தார், தள்ளிவிட்டது. மரத்தால் ஆப்பு அடித்தார், அதையும் தள்ளிவிட்டது. அழுத்தமானியை மாட்டிப் பார்த்தபோது காட்டியது, இன்று நாம் கார் டயரில் அடிக்கும் காற்றைப் போல ஆறு மடங்குக்கும் மேல். சுழலும் அச்சு தன்னோடு எண்ணெயை இழுத்துக்கொண்டுபோய் ஆப்பு மாதிரி நுழைத்து, அந்த எண்ணெயின் மேலேயே தான் மிதக்கிறது என்று உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான். 1886-இல் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

உங்கள் மோட்டார் மேசைக்குக் கீழே தொங்குகிறது. பெல்ட் அதன் ஷாஃப்டை மேல்நோக்கி இழுக்கிறது. அதாவது பாரம் மேல்பக்கம். புஷ் போட்ட மோட்டாராக இருந்தால், மெக்கானிக் ஓட்டை போடச் சொன்ன இடமும் டவர் போட்ட இடமும் ஒன்றே, எண்ணெய் வெளியே வரும் இடம். பால் பேரிங்காக இருந்தால் கெடுதல் வேறு மாதிரி. ஊற்றும் மெல்லிய எண்ணெய் கிரீஸைக் கழுவிக்கொண்டு வைண்டிங்கில் இறங்கும். இரண்டில் எதுவானாலும் ஓட்டை வேண்டாம்.

மூன்றாமவர் சொன்னதுதான் சரி, சூட்டைப் பற்றிய பயத்தைத் தவிர. கடையில் மூன்று விதம் கிடைக்கும். இசட் இசட் என்று எண்ணுக்குப் பின்னால் இருந்தால் இரண்டு பக்கமும் தகர மூடி. அந்த மூடி உள்வளையத்தைத் தொடாது, ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி இருக்கும். பெரிய தூசியைத் தடுக்கும், தோல் நாரையும் மெல்லிய எண்ணெயையும் தடுக்காது. 2ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி, அதன் உதடு உள்வளையத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். சில கம்பெனிகள் இதையே டிடியு என்றும் எல்எல்யு என்றும் போடும். இரண்டுக்கும் நடுவில், ரப்பர்தான் ஆனால் தொடாமல் ஒரு பள்ளத்துக்குள் வளைந்து நிற்கும் வகை ஒன்று உண்டு. விவி, எல்எல்பி, 2ஆர்இசட் என்ற எழுத்துகளில் வரும்.

கிளச் மோட்டார் நிமிடத்துக்கு அதிகம் போனால் 2,900 சுற்று. 6202 பேரிங்கின் 2ஆர்எஸ் வகை அதைப்போல நான்கு மடங்கு வேகத்தையும் தாங்கக்கூடியது. உதடு உரசுவதால் வரும் சூடு அரைக்குதிரைத் திறன் மோட்டாருக்குப் பொருட்டே இல்லை. ஒன்பது கிளச் மோட்டாருக்கும் தயங்காமல் 2ஆர்எஸ் போடுங்கள். சர்வோ மோட்டாரில் முதலில் என்ன எழுத்து இருந்ததோ அதையே போடுங்கள். இசட் இசட் இருந்து தூசி தொந்தரவு தந்தால், தொடாத ரப்பர் வகைக்கு மாறலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன விசிறி மோட்டார்களுக்கு மட்டும் தொடும் உதடு ஆகாது. அவற்றின் சக்தியில் பெரும்பகுதியை உரசலே தின்றுவிடும்.

புதுப் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள். கழுவித்தான் மாட்ட வேண்டும் என்பது திறந்த பேரிங் காலத்துப் பழக்கம். மாட்டும்போது சுத்தியலால் வெளிவளையத்தைத் தட்டி ஷாஃப்டில் ஏற்றக் கூடாது. உள்வளையத்துக்குச் சரியாக உட்காரும் பைப் துண்டு ஒன்றை வைத்து அதன்மேல் தட்ட வேண்டும். கழற்றிய பேரிங்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மூடியின் ஓரத்தில் நகம் பட்ட மாதிரி ஒரு குழி இருந்தால், அது சுத்தியலோ ஸ்க்ரூ டிரைவரோ செய்தது. அந்தக் குழிக்கு எதிரே மூடி தூக்கிக்கொண்டு நிற்கும். கசிவு அங்கேதான்.

சீல் என்றால் அடைப்பான், இறுக்கி அடைத்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சுழலும் பொருளை இறுக்கி அடைக்க முடியாது. அடைத்தால் உரசும், உரசினால் தேயும், தேய்ந்தால் ஒழுகும். எண்ணெய் தானாகவே உள்ளே தங்க விரும்பும்படி செய்வதுதான் சாமர்த்தியம். இதில் உச்சத்துக்குப் போனவர்கள் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் மோட்டார் செய்தவர்கள். அதில் குண்டுகள் கிடையாது. ஷாஃப்டுக்கும் கூட்டுக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளியில் சில துளி எண்ணெய்கூட இல்லை, ஒரு துளிக்கும் குறைவு. நிமிடத்துக்கு 5,400, 7,200 சுற்று என்று வருடக்கணக்கில் ஓடும். தொடும் ரப்பர் எதுவும் இல்லை, ஆனாலும் எண்ணெய் வெளியே வராது.

எப்படி? அந்த இடைவெளியை வாய்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கியிருக்கிறார்கள். குறுகின சந்து எண்ணெயை எப்போதும் பலமாக இழுக்கும். திரியில் எண்ணெய் ஏறுவது அந்த இழுப்பால்தான். வாய் அகலமாகவும் உள்ளே குறுகலாகவும் இருந்தால் வெளியே வரப் பார்க்கும் எண்ணெயை உள்சந்தே திரும்பப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. ஷாஃப்டில் மீன்முள் வடிவத்தில் வெட்டிய வரிகள் சுழலும்போது எண்ணெயை நடுவை நோக்கி வாரித் தள்ளுகின்றன. அதற்கும் வெளியே, எண்ணெய் ஒட்டாத ஒரு படலம் பூசியிருக்கும். தாமரை இலையில் தண்ணீர் மாதிரி அதன்மேல் எண்ணெய் பரவாமல் சுருண்டு நின்றுவிடும். உங்கள் ஊர் டேனரிகளில் ஸ்வேட் தோலுக்கு நீரும் எண்ணெயும் ஒட்டாதபடி ஃபுளோரின் மருந்து ஏற்றுகிறார்களே, அதே குடும்பத்துப் பொருள்தான். தோலில் பட்ட துளி உருண்டு ஓடுவதை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள்.

சீலுக்கும் தோலுக்கும் உறவு அதைவிடப் பழையது. 1795-இல் ஜோசப் பிரமா நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியபோது தண்ணீர் கசிவதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. அவருடைய பட்டறையில் இருந்த ஹென்றி மாட்ஸ்லே, தோலைக் கிண்ணம்போல் மடித்து வைத்துத் தீர்த்தார். தண்ணீரின் அழுத்தமே தோலின் உதட்டைச் சுவரோடு அமுக்கும். அழுத்தம் ஏற ஏற அடைப்பும் இறுகும். இன்றைய ஆயில் சீலின் உதடு அந்தத் தோல் உதட்டின் வாரிசு. அமெரிக்காவில் 1878-இல் தோல் பெல்ட் செய்யத் தொடங்கிய சிகாகோ ராஹைட் என்ற கம்பெனி பிற்பாடு கார்களுக்குத் தோல் ஆயில் சீல் செய்து, ரப்பருக்கு மாறி, கடைசியில் எஸ்கேஎஃப் பேரிங் கம்பெனியோடு சேர்ந்தது. நம் வீட்டு பம்ப் ஸ்டவ்விலும் சைக்கிள் பம்ப்பிலும் இருந்த வாஷர் தோல்தான். தெருமுனை இந்தியா மார்க் 2 கைப்பம்பின் குழாய்க்குள்ளும் முதலில் தோல் வாஷர்தான் இருந்தது, பிறகுதான் நைட்ரைல் ரப்பர் வந்தது. தோல் வாஷர் காய்ந்தால் பம்ப் அடிக்காது, எண்ணெயில் ஊறவைத்துப் போட்டால் உடனே பிடிக்கும். எண்ணெயைக் குடிப்பதால்தான் தோல் அன்றைக்கு நல்ல சீலாக இருந்தது. உங்கள் மோட்டாரில் தூசியாகப் படிந்து எண்ணெயைக் குடிப்பதும் அதே குணத்தால்தான்.

இனி உங்கள் தம்பியின் எக்ஸாஸ்ட் ஃபேன். அந்த மாதிரி சின்ன ஃபேனில் இருப்பது பெரும்பாலும் வெண்கலப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த புஷ். உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள், அதன் பருமனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. அத்தனையிலும் எண்ணெய் ஊறியிருக்கும். ஓடும்போது எண்ணெய் வெளியே வந்து ஷாஃப்டை நனைக்கும், நின்று ஆறியதும் துளைகளே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். நம் டேபிள் ஃபேனும் மிக்ஸியும் வருடக்கணக்கில் ஓடுவது இந்த ஏற்பாட்டில்தான்.

ஆனால் வெண்கலத்தில் பத்தில் ஒன்பது பங்கு செம்பு. சுண்ணாம்பு யார்டில் முடி நீக்கப் போடும் சோடியம் சல்பைடிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். அது செம்பைத் தொட்டதும் கறுப்பாக்கும். அந்தக் கறுப்பு துளைவாய்களை அடைத்துவிடும், ஷாஃப்டுக்கான இடைவெளியையும் சுருக்கிவிடும். எண்ணெய் உள்ளேயே இருந்தாலும் வெளியே வர வழியில்லாமல் ஃபேன் இறுகிப்போகும். எண்ணெய் ஊற்றி இதைச் சரிசெய்ய முடியாது. அந்த இடத்துக்கு புஷ் ஃபேனே கூடாது. முழுக்க மூடிய, ஐபி 55 தரமுள்ள, இரும்புக் கூண்டோ நைலான் கூண்டோ உள்ள 2ஆர்எஸ் பால் பேரிங் மோட்டார் வாங்கச் சொல்லுங்கள். பித்தளைக் கூண்டு வேண்டாம். ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் வி-ரிங் என்ற ரப்பர் வளையம் ஒன்று மாட்டலாம். அது ஷாஃப்டோடு சுற்றி நீரையும் சுண்ணாம்பையும் உதறிவிடும், விலையும் அதிகமில்லை. வேலை முடிந்ததும் சூடான மோட்டார்மேல் ஹோஸ் அடித்துக் கழுவும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். சூட்டில் விரிந்து வெளியே போன காற்று, திடீரென்று குளிரும்போது ஷாஃப்ட் ஓரமாகத் தண்ணீரோடு உள்ளே இழுபடும்.

தம்பியிடம் இன்னொன்றும் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஃபேன் நின்றால் பேரிங்கைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. செம்பைக் கறுப்பாக்கும் அதே வாயு மனிதரை நிமிடங்களில் வீழ்த்தும். அழுகிய முட்டை வாடை வரும்வரை எச்சரிக்கை இருக்கிறது. வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. நம் பக்கத்து டேனரிகளில் தொட்டிக்குள் இறங்கியவர்களும், அவர்களைத் தூக்கப் போனவர்களும் இறந்திருக்கிறார்கள். ஃபேன் ஓடாத நாளில் குழி, தொட்டி, டிரம் எதற்குள்ளும் அவன் தலையை நீட்டக் கூடாது. புஷ் கறுப்பதை முதலாளியிடம் ரிப்பேர் செலவாக மட்டும் சொல்லாமல், அங்கே வாயு இருக்கிறது என்பதற்கு அடையாளமாகக் காட்டச் சொல்லுங்கள்.

உங்களிடம் இப்போது கறை பட்ட அப்பர் மிச்சமிருந்தால், பூச்சு இல்லாத ஸ்வேட் தோலாக இருக்கும் பட்சத்தில், டால்கம் பவுடரோ சாக்பொடியோ கனமாகத் தூவி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, தேவையென்றால் இன்னொரு முறை. பொடியும் திரிதான், பாதிக் கறையையாவது இழுத்துக்கொள்ளும். தேய்க்காதீர்கள், தின்னர் போடாதீர்கள். பூச்சுள்ள வெள்ளைத் தோலில் எண்ணெய் பட்டவுடனே துடைத்தால் உண்டு. தையல் துளை வழியாக உள்ளே இறங்கிய பிறகு இதுவும் கேட்காது. ஆகவே புதுப் பேரிங் வரும்வரை, பெல்ட் கார்டின் உள்பக்கம் பழைய ஃபெல்ட் துண்டு ஒன்றை ஒட்டிவையுங்கள். தெறிப்பது தோலில் படாமல் அதில் படும். அது நனைந்ததும் மாற்றிவிடுங்கள்.